கட்டிங் மெஷினும் தொழிலாளியின் விரலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஓட்டல் சமையலறைகளில் வேலை செய்வோரின் உடல்நலம் குறித்துக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை காய்கறி வெட்டும் இயந்திரத்தால் ஏற்படும் விரல் காயங்களைப் பற்றியே இருந்தன. எனவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். எழுதியவர்களின் வேலைக்கு இடையூறு வரக்கூடாது என்பதால் பெயர்களைத் தவிர்த்து ஊரை மட்டும் குறிப்பிட்டுள்ளோம்.

என் தம்பி ஓர் ஓட்டலில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறான். சென்ற மாதம் வெங்காயம் வெட்டி முடித்து, மெஷினை நிறுத்திவிட்டு, உள்ளே ஒட்டிக்கொண்டிருந்த துண்டுகளை எடுக்கக் கையை விட்டபோது ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. "ஆஃப் செய்துவிட்டுத்தான் கை வைத்தேன்" என்று அவன் சொல்கிறான். முதலாளி அது கவனக்குறைவு என்கிறார். நிறுத்திய மெஷின் விரலை வெட்டுமா?
— வாசகி, திண்டுக்கல்

வெட்டும். உங்கள் தம்பி சொல்வதை நம்புங்கள், சகோதரி. இத்தகைய காயங்கள் பல, காய் வெட்டும்போது நேர்வதில்லை. வெட்டி முடித்த பிறகு, சுத்தம் செய்யும்போதும் சிக்கியதை எடுக்கும்போதும்தான் நேர்கின்றன.

இயந்திரத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் விளங்கும். மேலே காய் போடும் வாய், அதன் அடியில் சுழலும் வட்டத்தட்டு, தட்டில் சாய்வாகப் பொருத்திய பிளேடுகள், அதற்கும் கீழே மோட்டார் என்பதுதான் பொதுவான அமைப்பு. சுவிட்சை அணைத்ததும் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கிறதே தவிர, கனமான தட்டு தன் வேகத்தில் இன்னும் சில நொடிகள் சுற்றிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் தட்டைப் பிடித்து நிற்கவைக்கும் பிரேக் நல்ல இயந்திரங்களில் உண்டு. விலை குறைந்த பலவற்றில் இல்லை. மோட்டாரின் இரைச்சல் அடங்கிவிடுவதால் எல்லாம் நின்றுவிட்டது என்று காது சொல்கிறது. சமையலறையின் மற்றச் சத்தங்களுக்கு நடுவே தட்டு மெல்லச் சுற்றும் ஓசை கேட்பதில்லை. வேகமாகச் சுழலும் பிளேடு கண்ணுக்கும் தெரியாது. பளபளப்பான ஒரு வட்டம் மட்டுமே தெரியும்.

வேகத்தையும் கணக்கிட்டுப் பாருங்கள். நிமிடத்துக்கு 300 முறை சுற்றும் தட்டில் இரண்டு பிளேடுகள் இருந்தால், ஒரு நொடியில் 10 முறை பிளேடு ஒரே இடத்தைக் கடந்து போகிறது. விரலில் ஏதோ பட்டது என்று உணர்ந்து கையை இழுக்க மனிதருக்கு ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரமாவது வேண்டும். அதற்குள் பிளேடு இரண்டு முறை கடந்துவிடும். "சட்டென்று கையை எடுத்திருக்கலாமே" என்று பிறகு சொல்பவர்கள் இந்தக் கணக்கை எண்ணிப் பார்ப்பதில்லை. எத்தனை ஆண்டு அனுபவம் இருந்தாலும் அந்த வேகத்தை வெல்ல எந்தக் கையாலும் இயலாது.

இன்னொரு வாய்ப்பும் இருக்கிறது. அடைத்துக்கொண்டு நின்ற இயந்திரத்தின் சுவிட்சு ஆன் நிலையிலேயே இருந்திருந்தால், சிக்கிய துண்டை விரலால் தள்ளிய கணத்தில் தட்டு விடுபட்டு ஓடத் தொடங்கும். நம் ஊரில் மின்வெட்டும் இப்படிப்பட்ட விபத்தை உண்டாக்குகிறது. மின்சாரம் போனதும் இயந்திரம் நிற்கிறது. நின்ற நேரத்தில் சுத்தம் செய்துவிடலாம் என்று ஒருவர் கையை விடுகிறார். மின்சாரம் திரும்பியதும் அது தானாகவே சுற்றத் தொடங்குகிறது. மின்சாரம் போனால் தானாக அணைந்து, மீண்டும் பொத்தானை அழுத்தினால் மட்டுமே ஓடும் ஸ்டார்ட்டர்கள் கிடைக்கின்றன. உங்கள் தம்பி வேலை செய்யும் இடத்தில் அது இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியமாக நீங்கள் கேட்க வேண்டியது வேறு. காய் போடும் வாயைத் திறந்தால் மோட்டார் உடனே நிற்கும்படி ஒரு சிறிய சுவிட்சைப் பல இயந்திரங்களில் மூடியுடன் இணைத்தே விற்கிறார்கள். முட்டைக்கோசை நான்காக வெட்டிப் போட நேரமில்லை என்பதற்காக மூடியைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டு, அந்தச் சுவிட்சைக் கம்பியால் கட்டியோ டேப் ஒட்டியோ எப்போதும் அழுத்திய நிலையிலேயே வைத்திருக்கும் சமையலறைகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட இடத்தில் ஒருவருடைய விரல் போனால், நாளெல்லாம் அதன் முன் நின்று வேலை செய்த தொழிலாளியின் ஒரு நொடிச் சோர்வைக் காரணமாகக் காட்டுவது நியாயமாகாது. ஒருவர் ஒரு நொடி அயர்ந்தாலும் விரல் போகாதபடி காப்பதற்காகத்தான் அந்த மூடியைச் செய்திருக்கிறார்கள்.

நான் சிறிய மெஸ் நடத்துகிறேன். ஐந்து பேர் வேலை செய்கிறார்கள். புதிதாக வெஜிடபிள் கட்டர் வாங்க எண்ணியிருக்கிறேன். என்னிடம் வேலை செய்யும் யாருக்கும் கை போகக்கூடாது என்ற பயம் இருக்கிறது. எதைப் பார்த்து வாங்க வேண்டும்? கையுறை வாங்கிக் கொடுத்தால் போதுமா?
— வாசகர், மதுரை

வாங்குவதற்கு முன்பே கேட்டீர்களே, அதற்காக உங்களைப் பாராட்ட வேண்டும். கடைக்காரர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை கிலோ வெட்டும் என்பதைத்தான் முதலில் சொல்வார். நீங்கள் முதலில் மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறந்தால் தட்டு நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பாருங்கள். காய் போடும் வாய் குறுகலாகவும் நீளமாகவும் இருக்கிறதா, முழுக் கையை உள்ளே விட்டாலும் விரல் பிளேடைத் தொடாத ஆழம் இருக்கிறதா, காயை அழுத்துவதற்கான தள்ளுகட்டை கூடவே வருகிறதா என்று பாருங்கள். வெட்டிய காய் வந்து விழும் கீழ்வாயையும் மறந்துவிடக் கூடாது. பாத்திரம் நிறைந்து காய் தேங்கும்போது அங்கேயும் கையை விட்டு வாருவார்கள். முன்பக்கத்தில் கை எட்டும் இடத்தில், முழங்கையால்கூட அழுத்தக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தான் இருக்க வேண்டும்.

தள்ளுகட்டை தொலைந்துபோனால் அன்றைக்கே வேறொன்று வாங்குங்கள். அது காணாமல் போன சமையலறைகளில் முதலில் கேரட்டால் தள்ளுகிறார்கள், பிறகு கரண்டிக் காம்பால் தள்ளுகிறார்கள், கடைசியில் விரலால் தள்ளுகிறார்கள். ஒரு சிறு பிளாஸ்டிக் கட்டை இல்லாமல் போனதிலிருந்துதான் விபத்து தொடங்குகிறது.

இயந்திரத்தை வைக்கும் இடமும் முக்கியம். ஆள் நடமாடும் வழியில் வைத்தால் யாராவது இடித்துவிடுவார்கள். தரையில் தண்ணீர் தேங்கும் இடத்தில் வைத்தால் நிற்பவர் வழுக்கும்போது பிடிமானத்துக்காக இயந்திரத்தின் மேலேயே கையை வைப்பார். பிளக் பாயிண்ட் அதே ஆளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுத்தம் செய்வதற்கு முன்பு சுவிட்சை அணைத்தால் போதும் என்று விடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, அதைச் சுத்தம் செய்பவரின் கண்ணெதிரே மேசை மேல் வைக்கும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். பிளக் கண்ணெதிரே கிடந்தால், வேறொருவர் தெரியாமல் சுவிட்சைப் போட்டுவிடுவாரோ என்று அஞ்ச வேண்டியதில்லை. தொழிற்சாலைகளில் பெரிய இயந்திரங்களைப் பழுதுபார்க்கும்போது சுவிட்சைப் பூட்டிச் சாவியைப் பழுதுபார்ப்பவரே வைத்துக்கொள்வார். அதைத்தான் இங்கே எளிய முறையில் செய்கிறோம்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும், தட்டு முழுவதும் நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். பிளேடைக் கையால் துடைக்கக் கூடாது. நீண்ட பிடியுள்ள பிரஷ்தான் வேண்டும். கழற்றிய தட்டை மற்றப் பாத்திரங்களோடு நுரை நிறைந்த தொட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். அடியில் பிளேடு கிடப்பது தெரியாமல், பாத்திரம் கழுவும் அம்மா கையை விட்டுத் துழாவுவார். மின்சாரமே இல்லாத இடத்தில் அவருடைய கை அறுபடும். தட்டைத் தனியாகக் கழுவித் தனியாக மாட்டிவைக்க ஓர் ஆணி அடித்துவிடுங்கள்.

கையுறையைப் பற்றிக் கேட்டீர்கள். இதில் தவறான நம்பிக்கை அதிகம். சாதாரணத் துணிக் கையுறையும் ரப்பர் கையுறையும் பிளேடைத் தடுப்பதில்லை. சுழலும் பகுதியில் அவற்றின் நுனி மாட்டினால் விரலையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். வெட்டுத் தாங்கும் இழைகளால் பின்னிய கையுறை, கழற்றிய பிளேடைக் கழுவும்போதும் மாற்றும்போதும் பெரிதும் உதவும். ஓடும் இயந்திரத்துக்குள் கைவிட அது அனுமதிச்சீட்டு ஆகிவிடாது. கறிக்கடைகளில் போடும் இரும்பு வளையக் கையுறை கத்தியால் வெட்டும்போது கையைக் காக்கும். மின்சாரத்தில் ஓடும் இயந்திரத்தின் அருகே அதைப் போட்டுக்கொண்டு நின்றால் ஆபத்துதான் கூடும். கையுறை வாங்கிக் கொடுப்பது நல்லது. ஆனால் முதல் செலவை மூடிக்கும் சுவிட்சுக்கும் செய்யுங்கள்.

இறுதியாக, வேலையின் வேகம். முகூர்த்த நாளிலும் பண்டிகைக் காலத்திலும் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு காய் வெட்டியாக வேண்டும் என்றால், அதிகாலை மூன்று மணிக்கு எழுந்த ஆளையே இரவு வரை அந்த இயந்திரத்தின் முன் நிறுத்தாதீர்கள். ஆளை மாற்றிவிடுங்கள், அல்லது நேரத்தைக் கூட்டுங்கள்.

நான் கல்யாண மண்டபங்களில் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவரிடம் மாஸ்டராக இருக்கிறேன். விரல் துண்டாகிப் போனால் அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? துண்டான விரலை ஐஸில் போட வேண்டும் என்கிறார்கள். சிலர் காப்பித்தூள் வைக்கச் சொல்கிறார்கள்.
— வாசகர், கும்பகோணம்

காப்பித்தூள், மஞ்சள்தூள், சர்க்கரை, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய் எதுவுமே வேண்டாம். அவை காயத்துக்குள் புகுந்துவிட்டால் மருத்துவர் அவற்றைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அதில் நல்ல திசுவும் சேர்ந்து போகும், கிருமித்தொற்றும் வரும்.

முதலில் இயந்திரத்தின் மின்சாரத்தைத் துண்டியுங்கள். காயம்பட்டவரை உட்கார அல்லது படுக்கச் செய்து, சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். பத்து நிமிடம் எடுக்காமல் அழுத்தினால் விரலிலிருந்து வரும் பெரும்பாலான இரத்தப்போக்கு அடங்கிவிடும். நின்றதா என்று அடிக்கடி துணியை எடுத்துப் பார்ப்பதுதான் அதை நீட்டிக்கும். விரலின் அடியில் ரப்பர் பேண்டையோ நூலையோ இறுக்கிக் கட்டாதீர்கள். மோதிரம் இருந்தால் வீக்கம் வருவதற்குள் கழற்றிவிடுங்கள். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள். அறுவைச் சிகிச்சைக்கு மயக்க மருந்து தேவைப்படலாம். 108-ஐ அழையுங்கள்.

துண்டான பகுதியை ஒருவர் தேடி எடுக்க வேண்டும். வெட்டிய காய்களின் நடுவே அது கிடக்கும்; பதற்றத்தில் அந்தப் பாத்திரத்தைக் கொட்டிவிடாதீர்கள். கிடைத்ததும் சுத்தமான தண்ணீரில், முடிந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரில், மெல்ல அலசுங்கள், தேய்க்க வேண்டாம். சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் வைத்து, காற்றுப் புகாமல் கட்டுங்கள். இன்னொரு பையில் அல்லது தூக்குவாளியில் ஐஸ் கட்டியும் தண்ணீரும் கலந்து எடுத்துக்கொண்டு, கட்டிய பையை அதற்குள் வையுங்கள். விரலின் மீது ஐஸ் நேராகப் படக்கூடாது. பட்டால் திசு உறைந்து செத்துப்போகும். அப்படிச் செத்த விரலை எந்த மருத்துவராலும் ஒட்டவைக்க முடியாது. ஃப்ரீசருக்குள் வைப்பதும் அதே தவறுதான். விரலில் பெரிய தசை இல்லாததால், முறையாகக் குளிரில் வைத்திருந்தால் பல மணி நேரம், சில வேளைகளில் 24 மணி நேரம் வரைகூட அதைப் பொருத்த முயல முடியும். இருந்தாலும் நேரம் குறையக் குறைய வாய்ப்பு கூடும். துண்டு நசுங்கியிருக்கிறது, உதவாது என்று நீங்களே முடிவு செய்து அதை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒட்டவைக்க முடியாத துண்டிலிருந்தும் தோலை எடுத்துக் காயத்தை மூட மருத்துவர் பயன்படுத்தக்கூடும்.

துண்டாகாத காயத்தையும் அலட்சியமாக நினைக்க வேண்டாம். வெளியில் சிறிய கீறலாகத் தெரியும் வெட்டு உள்ளே விரலை மடக்கும் தசைநாணையும் உணர்வு நரம்பையும் அறுத்திருக்கலாம். விரலின் கடைசிக் கணுவைத் தனியாக மடக்க முடிகிறதா, நுனியின் இரு பக்கமும் தொட்டால் உணர்வு தெரிகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் மேல்தோலைத் தைத்து அனுப்பும் இடத்தோடு நிறுத்தாமல், பிளாஸ்டிக் அறுவை அல்லது கை அறுவைச் சிகிச்சை மருத்துவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெட்டனஸ் ஊசியைப் பற்றியும் மறக்காமல் கேளுங்கள்.

நுண்ணோக்கியின் உதவியால் இரத்தக் குழாய்களை இணைத்து, முற்றிலும் துண்டான ஒரு கட்டைவிரலை ஜப்பானின் நாராவில் கோமாட்சு, தமாய் என்னும் இரு மருத்துவர்கள் 1965-இல் மீண்டும் பொருத்திக் காட்டினர். இன்று தமிழ்நாட்டிலேயே அந்தச் சிகிச்சை கிடைக்கிறது. சென்னை அரசு ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் பக்கத்துத் தோலையும் அதன் அடித்திசுவையும் முக்கோணமாக நகர்த்தி மூடும் ஒரு முறையை, அங்கே பணிபுரிந்த மருத்துவர் ஆர். வெங்கடசுவாமி, சுப்பிரமணியன் என்பவருடன் சேர்ந்து 1980-இல் வெளியிட்டார். உலகின் கை அறுவைப் பாடநூல்களில் அது வெங்கடசுவாமியின் பெயராலேயே வழங்குகிறது. காய் சீவும் இயந்திரம் உண்டாக்குவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட சாய்வான நுனிக் காயம்தான். எலும்பு வெளியே தெரியாமல், ஒரு சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கும் நுனிக் காயம் முறையாகக் கட்டுப்போட்டு வந்தாலே பெரும்பாலும் தானாக ஆறிவிடும். அதைவிடப் பெரியதற்குத்தான் இந்த முறைகள் தேவைப்படுகின்றன.

எல்லாத் துண்டான விரலையும் பொருத்த வேண்டும் என்பதில்லை. கட்டைவிரல் போனாலும், ஒன்றுக்கு மேற்பட்ட விரல்கள் போனாலும், குழந்தைகளுக்கு எந்த விரல் போனாலும் மருத்துவர்கள் கட்டாயம் முயல்வார்கள். கையின் பயனில் ஏறத்தாழ 40 விழுக்காடு கட்டைவிரலைச் சார்ந்தது. பொருத்திய பிறகு பீடி, சிகரெட் கூடவே கூடாது. நிகோட்டின் மெல்லிய இரத்தக் குழாயைச் சுருக்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்களும் அந்த அறையில் புகைக்கக் கூடாது.

பத்தாம் வகுப்பு முடித்த என் மகனை விடுமுறையில் பேக்கரி வேலைக்கு அனுப்பினேன். பிரெட் வெட்டும் மெஷினில் நிற்க வைக்கிறார்கள். அவனுக்குப் பதினாறு வயது ஆகவில்லை. இது சரியா?
— வாசகி, தூத்துக்குடி

சரியில்லை, அம்மா. நாளைக்கே போய் அந்த மெஷினிலிருந்து அவனை நகர்த்தச் சொல்லுங்கள். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பது, குடும்பத்துக்கு உதவுவது போன்ற சில விதிவிலக்குகள் தவிர, முழுவதும் தடை செய்யப்பட்டுள்ளது. 14 முதல் 18 வரையிலானவர்களை ஆபத்தான வேலைகளில் அமர்த்தக் கூடாது. ஆபத்தான இயந்திரத்தில், அதன் ஆபத்துகளை முழுமையாக விளக்காமலும், போதிய பயிற்சியோ நன்கு தெரிந்தவரின் மேற்பார்வையோ இல்லாமலும் இளம் வயதினரை நிறுத்தக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் வகுத்திருந்தது.

அமெரிக்காவில் இறைச்சி சீவும் மின் இயந்திரத்தை 18 வயது நிறையாதவர் இயக்கக் கூடாது. அதைக் கழுவக் கூடாது, கழற்றிய பாகங்களைக் கையால் கழுவவும் கூடாது. அதில் காய்கறியோ பாலாடைக்கட்டியோ வெட்டினாலும் தடை பொருந்தும். கழுவுவதையும் சேர்த்தே தடுத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். "மெஷினை ஓட்ட வேண்டாம், துடைத்து மட்டும் வை" என்று நம் ஊரில் சிறுவர்களிடம் ஒப்படைப்பது, அந்த வேலையின் மிக ஆபத்தான பகுதியைத்தான். விடுமுறையில் அவன் பணம் கட்டும் இடத்தில் இருக்கட்டும், பெட்டி கட்டட்டும். முதலாளி மறுத்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.

நான் தினக்கூலிக்குக் கேட்டரிங் வேலைக்குப் போகிறேன். வயது 25. ஆள்காட்டி விரலில் இரண்டு கணுக்கள் போய்விட்டன. முதலாளி மருத்துவச் செலவு கொடுத்தார். "அதோடு சரி, நீ நிரந்தர ஆள் இல்லை" என்கிறார். மருத்துவமனையில் வீட்டில் அறுத்துக்கொண்டதாகச் சொல்லச் சொன்னார். நானும் அப்படியே சொல்லிவிட்டேன். இனி ஏதாவது செய்ய முடியுமா?
— வாசகர், சேலம்

செய்ய முடியும், தம்பி. தினக்கூலி என்பதால் உங்கள் உரிமை போய்விடாது. தற்காலிகமாக வேலை செய்பவர்களை விலக்கிவைத்திருந்த வாசகம் 2000-ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இழப்பீட்டுச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. வேலையின் போக்கில், வேலையின் காரணமாக விபத்து நடந்தது என்பதுதான் அடிப்படை. உங்கள் மீது தவறு உண்டா என்பது கேள்வியே அல்ல. குடிபோதையில் இருந்தது, தெளிவாகச் சொன்ன பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்பு மூடியை வேண்டுமென்றே அகற்றியது என்று சில விலக்குகள் மட்டுமே உண்டு. முதலாளியோ மேற்பார்வையாளரோ கழற்றி வைத்த மூடிக்கு நீங்கள் பொறுப்பாக மாட்டீர்கள்.

தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதைச் சொல்கிறேன். 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் ஒவ்வொரு விரலுக்கும், ஒவ்வொரு கணுவுக்கும் வருவாய்த்திறன் இழப்பின் விழுக்காட்டை அட்டவணையாகவே கொடுத்திருக்கிறது. கட்டைவிரல் முழுவதும் போனால் 30 விழுக்காடு. ஆள்காட்டி விரல் முழுவதும் போனால் 14, இரண்டு கணு போனால் 11, ஒரு கணு போனால் 9, எலும்பு போகாமல் நுனி மட்டும் சீவப்பட்டால் 5. நடுவிரல் முழுவதும் போனால் 12. மோதிர விரலோ சுண்டுவிரலோ முழுவதும் போனால் 7. மாதச் சம்பளத்தில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்கி, வரும் தொகையில் இந்த விழுக்காட்டை எடுக்க வேண்டும். 25 வயதுக்கான காரணி 216.91. கணக்கில் கொள்ளும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட உச்சவரம்பு மாதம் 15,000 ரூபாய். உங்கள் சம்பளம் அந்த அளவு என்று வைத்துக்கொண்டால், 9,000-ஐ 216.91-ஆல் பெருக்க 19,52,190 ரூபாய். அதில் 11 விழுக்காடு, ஏறத்தாழ 2,14,740 ரூபாய். சிகிச்சைக்கு ஆன உண்மையான செலவு இதற்கு மேல் தனி. ஆகவே மருத்துவச் செலவைக் கொடுத்ததோடு முதலாளியின் பொறுப்பு முடிந்துவிடவில்லை. ஒரு மாதத்துக்குள் கொடுக்காமல் இழுத்தடித்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும், தக்க காரணமில்லை என்றால் தொகையில் பாதி வரை அபராதமும் சேரும். இச்சட்டத்தையும் ஈ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தையும் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு தன்னுள் கொண்டுவந்திருக்கிறது. கணக்கிடும் முறையின் கட்டமைப்பு அதிலும் தொடர்கிறது.

விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், உங்கள் பகுதித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் இழப்பீட்டு ஆணையரிடம் மனு கொடுக்க வேண்டும். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் "வீட்டில் அறுத்துக்கொண்டது" என்று எழுதியிருப்பது இடையூறுதான். ஆனால் அதனாலேயே வழக்கு போய்விடாது. உடன் வேலை செய்தவர்களின் சாட்சி, அன்று அந்த மண்டபத்தில் வேலைக்கு வந்ததைக் காட்டும் கைப்பேசிச் செய்திகள், கூலி வந்த வங்கிக் கணக்கு விவரம், யார் பெயரில் மருத்துவமனைக் கட்டணம் செலுத்தப்பட்டது என்பதற்கான ரசீது, எல்லாவற்றையும் திரட்டி வையுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: வலியோடு போய் நிற்கும் அந்த நேரத்தில், முதலாளி என்ன சொல்லிக் கொடுத்திருந்தாலும், பதிவேட்டில் நடந்ததை நடந்தபடியே எழுதச் சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பி எனப்படும் அந்தப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் நிறுவனத்தில் பத்து பேரோ அதற்கு மேலோ இருந்து, ஈ.எஸ்.ஐ. வரம்புக்குள் வந்தால் வழி வேறு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் அதில் அடங்குவர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே விபத்து நடந்தாலும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு நாள் கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். 500 ரூபாய் கூலி என்றால் நாளுக்கு 450 ரூபாய். நிலையான இழப்புக்கு மருத்துவக் குழு விழுக்காடு நிர்ணயித்து, அதற்கேற்ற தொகையை வாழ்நாள் முழுவதும் தரும். ஈ.எஸ்.ஐ.யில் பெறுபவர் அதே காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டத்தின் கீழும் கேட்க முடியாது. எனவே நீங்கள் எதில் வருகிறீர்கள் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

நடுவிரல் நுனியில் அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. புண் ஆறிவிட்டது. ஆனால் விரல் முழுவதும் மடங்கவில்லை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் வலிக்கிறது, மெஷின் சத்தம் கேட்டாலே கை நடுங்குகிறது. வேலைக்குப் போகலாமா?
— வாசகர், நாகர்கோவில்

புண் ஆறுவது பாதி குணம்தான். விரல் விறைத்துப்போவதைத் தடுப்பது பயிற்சி மட்டுமே. அறுவை செய்த மருத்துவர் அனுமதித்த அளவில், கை பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கற்றுக்கொண்டு, ஒவ்வொரு கணுவையும் தனித்தனியாக மடக்கி நீட்டும் பயிற்சியை நாளுக்குப் பல தடவை செய்யுங்கள். வலிக்கு அஞ்சி அந்த விரலை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு மற்ற விரல்களால் வேலை செய்யப் பழகினால், மற்ற விரல்களும் சேர்ந்து விறைக்கும். நுனியில் தொட்டால் கூசுவதும் குளிர் தாங்காததும் நரம்பு அறுபட்ட விரலுக்கு இயல்பானவை. பஞ்சு, துணி, சொரசொரப்பான துண்டு என்று படிப்படியாகத் தேய்த்துப் பழக்கினால் கூச்சம் குறையும்; குளிர் வலி ஒன்றிரண்டு ஆண்டுகள்கூட நீடிக்கலாம், மெல்லத் தணியும். உணர்வு குறைந்த நுனியால் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டால் சுட்டது தெரியாது, கவனம் வேண்டும்.

கை நடுங்குவதை நினைத்து வெட்கப்பட வேண்டாம். அப்படி ஒரு விபத்தைக் கண்ட உடம்பு அந்தச் சத்தத்துக்கு அஞ்சுவது இயல்பு. தூக்கம் கெட்டாலோ, விபத்துக் காட்சி திரும்பத் திரும்ப வந்தாலோ அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு. வேலைக்குப் போகலாம். ஆனால் அதே இயந்திரத்துக்கு உடனே திரும்ப வேண்டாம். எந்த வேலையைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது, எத்தனை வாரத்துக்கு என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, அதன் நகலை முதலாளியிடம் கொடுத்துவிட்டுப் பரிமாறும் வேலையிலோ மளிகை இருப்புக் கணக்கிலோ தொடங்குங்கள். மெஷினுக்குத் திரும்பும் நாள் வந்தால், கழற்றிய மூடி திரும்பப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.